மே மாச லீவுல ஸ்பீச் தெரபி இல்ல. மூணே முக்கால் வயசுப் பையனுக்கு வீட்ல என்ன செய்யலாம்?

செங்காந்தள்

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 3 வயசு 8 மாசம். வாரம் ரெண்டு நாள் ஸ்பீச் தெரபி போயிட்டிருக்கான். காது டெஸ்ட் எடுத்தாச்சு, ரெண்டு காதும் நார்மல். கூப்பிட்டா திரும்புவான், வேணுங்கறதைக் கை நீட்டிக் காட்டுவான், மத்த பிள்ளைங்களோட நல்லா விளையாடுவான்.

பிரச்சினை ரெண்டு. ‘க’ வரவேண்டிய இடத்துல எல்லாம் ‘த’ வருது. காக்காவைப் பார்த்து ‘தாத்தா’ங்கறான். கை ‘தை’, கால் ‘தால்’. எங்களுக்குப் புரியும், வெளியாளுங்களுக்குப் பாதிகூடப் புரியல. அடுத்தது, ரெண்டு வார்த்தைக்கு மேல சேர்த்துப் பேசறதில்ல. ‘அம்மா பால்’, ‘பந்து போச்சு’, இப்படித்தான்.

சென்டருக்கு மே முழுக்க லீவு. நாங்களும் மாமியார் ஊருக்குப் போறோம். கொழுந்தனார் பிள்ளைங்க மூணு பேர் அங்க இருப்பாங்க. ஒரு ஃபைல் நிறையப் படத்தாள் கையில இருக்கு. தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கணும்னு பார்த்தா, பத்து நிமிஷத்துல எழுந்து ஓடிடறான். தினமும் என்ன செய்யணும், எவ்வளவு நேரம்? தப்பாச் சொன்னா அப்பவே திருத்தணுமா? ஜூன்ல இங்கிலீஷ் மீடியம் எல்கேஜி, அதனால இப்பவே வீட்ல இங்கிலீஷுக்கு மாறணுமா? மாமியார் வசம்பு உரசி நாக்குல தடவணும்னு சொல்றாங்க, நாக்குக்கு அடியில வெட்டி விடணும்னு இன்னொருத்தர் சொல்றார். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேச்சுப்பயிற்சி_கோவை (ஸ்பீச் தெரபிஸ்ட்)

வசம்பு, வெட்டுறது ரெண்டையும் முதல்ல முடிச்சிடலாம், ஏன்னா அதுலதான் ஆபத்து இருக்கு. ‘த’ சொல்ல நாக்கு நுனி பல்லைத் தொடணும். உங்க பையன் அதைத் தாராளமாச் செய்யறான். ‘க’வுக்கு நாக்கோட பின்பகுதி மேலே எழும்பி உள் அண்ணத்தைத் தொடணும். நாக்குக்கு அடியில இருக்கற சவ்வுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவன் நாக்கு தப்பான இடத்தைத் தொடுது, அவ்வளவுதான்; நாக்குல பலம் இல்லாம இல்ல. அதனாலதான் விசில் ஊதறது, மெழுகுவத்தி அணைக்கறது, நாக்கை நீட்டி மடக்கற உடற்பயிற்சி எதுவும் ‘க’வைக் கொண்டுவராது. வசம்புல பீட்டா அசரோன்னு ஒரு நச்சுப் பொருள் இருக்கு. அமெரிக்காவுல 1968லயே இதை உணவுல சேர்க்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. அத்தைகிட்ட சண்டை போட வேண்டாம், ‘டாக்டர் எதுவும் வாயில தடவக் கூடாதுன்னுட்டார்’னு சொல்லிடுங்க.

இப்ப ‘க’. இந்த மாத்தம் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு மூன்றரை வயசுக்குள்ள தானா போயிடும். உங்க பையன் அதைத் தாண்டிட்டான், பேச்சும் வெளியாளுக்குப் புரியல, அதனால இப்ப இதுல வேலை செய்யறது சரிதான். ர, ற, ழ பக்கம் போகவே வேண்டாம், அதெல்லாம் கடைசியா வர்ற ஒலிங்க. ‘கோழி’யை ‘கோயி’ன்னு சொன்னாலும் ‘க’ வந்துடுச்சுன்னு மார்க் போடுங்க.

தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஒரு காக்கா படம், அவன் தாத்தா போட்டோ, ரெண்டையும் தரையில வையுங்க. உங்க வாயைக் கையால மறைச்சுக்கிட்டு, மாத்தி மாத்தி பத்து தடவை சொல்லுங்க. அவன் பேச வேண்டாம், எடுத்துக் கொடுத்தா போதும். எட்டு சரியா இருந்தா காதுல வித்தியாசம் விழுது, வாயிலதான் வேலை. அஞ்சாறுதான் சரின்னா, ஒரு வாரம் இந்தக் கேக்கற விளையாட்டு மட்டும் ஆடுங்க. சளி பிடிச்சிருந்தா, காது டெஸ்ட் முன்னாடி எடுத்திருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட திரும்பக் காட்டுங்க. நடுக்காதுல நீர் கோத்திருந்தா அந்தந்த மாசம் கேக்கறது மங்கும்.

அடுத்தது சொல்தேர்வு, பெரும்பாலும் இங்கதான் கெடுது. தமிழ்ல எழுத்து ஒண்ணுதான், ஒலி இடத்துக்கு இடம் மாறும். ‘பகல்’, ‘முகம்’னு ரெண்டு உயிருக்கு நடுவுல வர்ற ‘க’ கிட்டத்தட்ட ‘ஹ’ மாதிரி ஒலிக்கும். அதை வெச்சுப் பயிற்சி கொடுத்தா பயன் இல்ல. சொல்லோட தொடக்கத்துல வர்றதும், ‘க்க’ன்னு இரட்டிச்சு வர்றதும்தான் வேணும். அதே சொல்லுல த, ட இருக்கக் கூடாது. கத்தி, கதவு, குதிரை, கட்டில், கத்திரிக்காய் எல்லாத்துலயும் பக்கத்துல இருக்கற ‘த’வும் ‘ட’வும் நாக்கை முன்னாடி இழுத்துடும், ‘கத்தி’ ‘தத்தி’ ஆயிடும். கடையில விக்கற படச்சார்ட்ல பாதி இந்த மாதிரி சொல்லுங்கதான். இப்படி எடுங்க: கை, கால், காய், காபி, கப், கொய்யா, கோழி. நடுவுல: அக்கா, மூக்கு, பாக்கு, முறுக்கு, கொக்கு. ஒரு நேரத்துல அஞ்சு சொல் போதும். கூ, கோ மாதிரி உயிர் வர்றது சுலபம். கி, கே வர்றது கஷ்டம், ஏன்னா அந்த உயிர்ல நாக்கு ஏற்கெனவே முன்னாடி இருக்கும்.

ஒலி வரவே இல்லன்னா பாய்ல மல்லாக்கப் படுக்க வெச்சு வாயைத் திறந்து ‘க்… க்…’ சொல்லிக் காட்டுங்க. படுத்தா நாக்கு தானா பின்னாடி சாயும். தண்ணியை வாயில ஊத்தி வேண்டாம், புரையேறும்; கொப்பளிக்கற மாதிரி சும்மா நடிச்சா போதும். கழுவின அவனோட விரலையே கீழ்ப் பல்லுக்குப் பின்னால வெச்சு நாக்கு நுனியைக் கீழே பிடிச்சுக்கச் சொல்லலாம். கரண்டிக் காம்பு, பென்சில் எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது.

நேரம்: ஒரு தடவைக்கு 5 நிமிஷம், ஒரு நாளைக்கு 3 தடவை. ஒவ்வொரு தடவையும் 30ல இருந்து 40 முறை அந்த ஒலியைச் சொன்னா நாளைக்கு நூறு கிட்ட வரும். ஒரு மணி நேரம் உட்கார வெச்சா முதல் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் தப்பான ஒலியையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிடுவான். தனி ஒலி, அப்புறம் கா–கூ–கோ, அப்புறம் சொல், அப்புறம் ‘கோழி வா’ மாதிரி ரெண்டு சொல். ஒரு படியில பத்துக்கு எட்டு சரியா வந்தா அடுத்த படி. அஞ்சுக்குக் கீழ போனா ஒரு படி இறங்குங்க.

அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வெளியே திருத்தாதீங்க. அவன் ‘அம்மா, தாத்தா!’ன்னு மரத்தைக் காட்டினா, ‘ஆமா, காக்கா! காக்கா பறக்குது’ன்னு அந்தச் சொல்லைக் கொஞ்சம் நீட்டி அழுத்திச் சொல்லிட்டு விட்டுடுங்க. ‘காக்கா சொல்லு, எங்க சொல்லு’ன்னு நிறுத்தினா அவன் சொல்ல வந்த விஷயம் போச்சு. அடுத்த தடவை மரத்தைக் காட்டவே மாட்டான்.

வளமையம்_ஆசிரியை (சிறப்பாசிரியர்)

மேடம் ‘க’வைப் பத்திச் சொல்லிட்டாங்க. வாக்கியம் நீளாம இருக்கறதைப் பத்தி நான் சொல்றேன். என் பார்வையில, எல்கேஜி போறதுக்கு முன்னாடி ஒலியைவிட இதுதான் அவசரம்.

அந்தப் படத்தாள் ஃபைல்ல இருக்கறது எல்லாமே பெயர்ச்சொல்லாத்தான் இருக்கும், எடுத்துப் பாருங்க. பழம், பூ, விலங்கு, வண்டி. நூறு பழம் பேர் தெரிஞ்சாலும் வாக்கியம் வராது, வாக்கியத்துக்கு வினைச்சொல் வேணும். இந்த மாசத்துக்கு 12 சொல் எடுங்க. எட்டு வினை: ஊத்து, பிழி, கலக்கு, தள்ளு, திற, மூடு, எடு, வை. நாலு மத்தது: மேல, கீழ, நிறைய, இன்னும். சுவத்துல எழுதி ஒட்டுங்க, வீட்ல எல்லாரும் அதையே சொல்லட்டும்.

இதுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம், தினமும் நடக்கற மூணு வேலையில ஏத்துங்க. எலுமிச்சை ஜூஸ் போடறதை எடுத்துக்கங்க. வெயில் காலம், தினமும் நடக்கும். பழத்தை அவன் கையில கொடுங்க. ‘பிழி… பிழி… புளிக்குது!’ தண்ணி ‘ஊத்து’. சர்க்கரை ‘போடு, இன்னும் போடு’. ‘கலக்கு, கலக்கு’. நாலு நாள் இதையே அதே வரிசையில, அதே சொல்லுல சொல்லுங்க. அஞ்சாவது நாள் கரண்டியை டம்ளர்ல விட்டுட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டுப் பேசாம இருங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. இந்தக் காத்திருப்புதான் மொத்த முறையோட உயிர். வீட்ல யாராலயும் ரெண்டு எண்ணிக்கைக்கு மேல தாங்க முடியாது, அதுக்குள்ள ‘என்ன பண்ணணும்? சொல்லு’ன்னுடுவாங்க. நம்ம வாய் திறந்தா அவன் வாய் மூடிக்கும். பத்து எண்ணியும் வரலன்னா நீங்களே ‘கலக்கு’ன்னு சொல்லிக் கலக்குங்க, கட்டாயப்படுத்த வேண்டாம்.

அவன் சொன்னதோட ஒண்ணே ஒண்ணு சேர்த்துத் திருப்பிக் கொடுங்க. ‘அம்மா பால்’னா, ‘அம்மா, பால் வேணும்’. அது வழக்கமா வந்ததும், ‘எனக்குப் பால் வேணும்’. தமிழ்ல ‘நான்’, ‘நீ’ எல்லாம் விட்டுப் பேசறது இயல்பு, அதனால வார்த்தையை மட்டும் எண்ணாதீங்க, சொல்லோட கடைசியில சேர்ற ஒட்டுகளைக் கவனிங்க. ‘பெட்டில’, ‘அண்ணனுக்கு’, ‘பந்தை’, ‘என்னோட’ இந்த ஒட்டுங்க வருதா? ‘போச்சு, போறான், போவான்’னு காலம் மாறுதா? ரெண்டே சொல்தான்னாலும் ‘பெட்டில வெச்சேன்’ங்கறது ‘அம்மா பால்’ங்கறதைவிட ரொம்ப முன்னேறின பேச்சு. கண்ணாமூச்சியில ‘கதவுக்குப் பின்னால’, ‘கட்டிலுக்குக் கீழ’ன்னு தேடறவங்க சத்தமாச் சொல்லிட்டே தேடினா இந்த ஒட்டுங்க காதுல நல்லா விழும்.

கேள்வியைக் குறைங்க. ‘இது என்ன? அது என்ன கலர்?’ன்னு கேட்டுட்டே இருந்தா பரீட்சை ஆயிடும். ஒரு கேள்வி கேட்டா, அதுக்கு முன்னாடி நாலு தடவை சும்மா சொல்லியிருக்கணும். கேட்டாலும் ‘முறுக்கு வேணுமா?’ன்னு கேக்காதீங்க, தலையாட்டிட்டுப் போயிடுவான். ‘முறுக்கா, கொய்யாவா?’ன்னு கேளுங்க. ரெண்டுமே ‘க’ உள்ள சொல், மேடம் சொன்ன பட்டியலுக்கும் உதவும்.

ஊர்ல ரெண்டு சிக்கல் வரும். பாட்டி அவன் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் கொடுத்துடுவாங்க. அவங்களுக்குப் பத்து விதி சொல்லாதீங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: ‘அவன் வாயைத் திறக்கறவரைக்கும் அஞ்சு எண்ணுங்க.’ முறுக்கு டப்பா மூடியை இறுக்கமா மூடி வெச்சா அவனா வந்து கேப்பான். அடுத்தது, மூணு பிள்ளைங்க சேர்ந்து பேசும்போது இவனுக்கு இடம் கிடைக்காது. ஒரு நாளைக்கு ஒரு அரை மணி நேரம் அவங்கள்ல ஒருத்தரோட மட்டும் விடுங்க, மூணு பேர்ல பொறுமை அதிகம் யாருக்கோ அந்தப் பிள்ளையோட. பல்லாங்குழி நல்லது, ‘எனக்கு, உனக்கு’ன்னு முறை மாறி வரும். மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை பக்கத்துல இருந்தா சோழி, புளியங்கொட்டை வேண்டாம், வாயில போட்டுக்கும். பெரிய பாட்டில் மூடிங்களை வெச்சு ஆடுங்க. யாராவது ‘தாத்தா’ன்னு சொல்லிக்காட்டிச் சிரிச்சா அன்னிக்கே நிறுத்துங்க, இதுல விட்டுக்கொடுக்காதீங்க.

இங்கிலீஷுக்கு மாற வேண்டாம். ரெண்டு மொழி கேக்கறதால பேச்சு தாமதமாகாது. ஆனா நமக்கே சரளமா வராத மொழிக்கு வீடு மாறினா அவன் கேக்கற பேச்சு வறண்டுடும்: ‘கம், சிட், ஈட், நோ’ அவ்வளவுதான் மிஞ்சும். ஸ்கூலுக்குத் தேவையான அஞ்சாறு மட்டும் மே கடைசி வாரத்துல பழக்குங்க: ‘வாட்டர்’, ‘டாய்லெட்’, ‘ஹெல்ப் மீ’, அவன் பேரு, ‘எஸ் மிஸ்’. மிஸ்கிட்ட முதல் நாளே, அவன் ‘த’ன்னு சொல்றது பெரும்பாலும் ‘க’தான்னு ஒரு சின்னத் தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க.

டிவி பத்தி: உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 2ல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேண்டாம்னு. ஊர்ல அவன் பார்க்காட்டியும் ஹால்ல நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தத்துல பெரியவங்க பிள்ளைகிட்டப் பேசறதே குறைஞ்சுடும். சாப்பிடற நேரத்துலயாவது அணைச்சு வையுங்க.

மழலை2021

நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். என் பொண்ணுக்கு 3 வயசு முடிஞ்சு 4 மாசம். நல்லாப் பேசிட்டிருந்தா. லீவுக்குச் சொந்தக்காரங்க வந்ததுல இருந்து ‘நான் நான் நான் வந்து’ன்னு திக்கற மாதிரி இருக்கு. மெதுவாப் பேசுன்னு சொல்லிட்டே இருக்கேன், கூடத்தான் செய்யுது.

பேச்சுப்பயிற்சி_கோவை

@மழலை2021, ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இது நிறையப் பேருக்கு வந்து போகும். முழுச் சொல்லோ சொற்றொடரோ திரும்ப வர்றது (‘நான் நான் வந்து’) பெரும்பாலும் கவலைப்படற வகை இல்ல. ‘ந-ந-ந-நான்’னு ஒலி மட்டும் உடைஞ்சு வர்றது, ‘ம்ம்ம்மா’ன்னு நீள்றது, வாய் திறந்தும் சத்தமே வராம நிக்கறது, கண்ணைச் சிமிட்டறது, கழுத்து இறுகறது இதுல எது இருந்தாலும் காத்திருக்காம காட்டுங்க. குடும்பத்துல திக்குவாய் இருந்தாலும், ஆறு மாசத்துக்கு மேல நீடிச்சாலும் அப்படித்தான்.

‘மெதுவாப் பேசு’, ‘மூச்சை இழுத்துட்டுப் பேசு’, ‘முதல்ல இருந்து சொல்லு’ மூணையும் விட்டுடுங்க. தன் பேச்சுல ஏதோ தப்புன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும், முயற்சி பண்ணிப் பேசுவா, இறுக்கம் கூடும். அதுக்குப் பதிலா நீங்க மெதுவாப் பேசுங்க. அவ முடிச்சதும் ரெண்டு விநாடி விட்டுப் பதில் சொல்லுங்க, அவ வாக்கியத்தை நீங்க முடிக்காதீங்க. வந்திருக்கற விருந்தாளிங்க முன்னாடி ‘ரைம்ஸ் சொல்லு’ன்னு நிறுத்தறதும் வேண்டாம். தினமும் அஞ்சு நிமிஷம், யாரும் குறுக்கே வராம, அவ தேர்ந்தெடுத்த விளையாட்டை அவளோட மட்டும் ஆடுங்க.

செங்காந்தள்

எல்லாருக்கும் நன்றி. கேக்கற சோதனை பண்ணிப் பார்த்தேன், பத்துக்கு ஒன்பது சரியாக் கொடுத்தான். இன்னொண்ணு கவனிச்சேன். ‘மாங்கா’, ‘வாங்க’ சொல்லும்போது சரியா வருது! ஆனா ‘காக்கா’ன்னா ‘தாத்தா’தான். இது எப்படி?

பேச்சுப்பயிற்சி_கோவை

ரொம்ப நல்ல சேதி இது, உங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி. ‘ங்’ சொல்லும்போதே நாக்கோட பின்பகுதி மேலே போய் ஒட்டிக்கும், ‘மாங்கா’வுல அந்த இடத்துல இருந்தே அடுத்த ஒலி வெடிக்குது. அவன் நாக்குக்கு இடம் தெரியும்னு அர்த்தம். அப்ப மல்லாக்கப் படுக்க வைக்கறது, விரல் வைக்கறது எதுவும் வேண்டாம். ‘மாங்கா’வுல இருந்தே போங்க.

முதல்ல மாங்கா, நுங்கு, சங்கு, வாங்க நாலையும் நல்லா ஓட விடுங்க. சீசன்தானே, மாங்காயும் நுங்கும் கையிலயே இருக்கும். அப்புறம் ‘ங்’கை நீட்டி, நடுவுல நிறுத்தி, ‘மாங்ங்ங்… கா’. நிறுத்தற நேரத்துல வாய் மூடவும் கூடாது, நாக்கு அசையவும் கூடாது. அடுத்தது அந்த ‘கா’வை மட்டும் ரகசியம் சொல்ற மாதிரி, குரல் இல்லாமச் சொல்லச் சொல்லுங்க. மாங்காவுல வர்றது குரல் சேர்ந்த ஒலி, காக்காவுல வர்றது குரல் இல்லாத ஒலி. கிசுகிசுத்தா தானா மாறிடும். ‘ங்ங்… கா’ கிசுகிசுப்பா வந்ததும் ‘ங்’கை மனசுக்குள்ள மட்டும் சொல்லிட்டு ‘கா’. அதுல இருந்து காய், கால், கை.

காக்கா–தாத்தா ஜோடியைக் கடைசிக்கு வெச்சுக்கங்க. ‘கா’ தனியா பத்துக்கு எட்டு வந்த பிறகு ரெண்டு படத்தையும் வெச்சு, இந்தத் தடவை அவன் சொல்லட்டும், நீங்க எடுத்துக் கொடுங்க. ‘தாத்தா’ன்னு சொன்னா தாத்தா போட்டோவையே கொடுங்க, திட்டாம, சிரிக்காம. கேட்டது கிடைக்கலன்னா அவனே மாத்திச் சொல்லிப் பார்ப்பான். ஒலியே வராத நிலையில இதை ஆடினா அழுதுடுவான், அதனாலதான் வரிசை முக்கியம்.

வளமையம்_ஆசிரியை

ஒரு சேர்க்கை. அப்பா ஊருக்கு வரலன்னா, ராத்திரி வீடியோ கால்ல ‘என்ன பண்ணே?’ன்னு கேக்கச் சொல்லாதீங்க, அதுக்குப் பதில் வராது. பகல்ல மூணு போட்டோ எடுங்க: மாங்கா பறிக்கறது, கழுவறது, சாப்பிடறது. அதைக் காட்டிக்கிட்டே ‘மொதல்ல… அப்புறம்… கடைசில…’ன்னு நீங்க தொடங்குங்க, மிச்சத்தை அவன் சொல்லட்டும். தூங்கறதுக்கு முன்னாடி கதைப் புத்தகம் வேணும்னா, பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் புத்தகம் இலவசமா இருக்கு, முதல் நிலை எடுங்க. எழுத்தைப் படிக்க வேண்டாம், படத்தைப் பார்த்துப் பேசுங்க. ஒரே புத்தகத்தைப் பத்து நாள் கேட்டாலும் கொடுங்க.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு: ரெண்டு வயசாகியும் ரெண்டு சொல் சேர்த்துப் பேசல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, பேசிட்டிருந்த சொல்லுங்க நின்னுபோச்சுன்னா ‘ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’னு லீவு முடியக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிங்கள்ல இருக்கற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல இலவசமாப் பார்ப்பாங்க. முதல்ல காது டெஸ்ட் கேளுங்க. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கு. தனியார்கிட்டப் போனா அவங்க ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேக்கத் தயங்காதீங்க.

பேச்சுப்பயிற்சி_கோவை

@செங்காந்தள், ஜூன்ல சென்டர் போகும்போது தெரபிஸ்ட்டுக்கு ஒரு தாள் கொண்டு போங்க. ‘க’ எந்தப் படியில நிக்குது, பத்துக்கு எத்தனை. அவனா சொன்ன நீளமான அஞ்சு வாக்கியம், அவன் சொன்னபடியே, திருத்தாம. எந்த நேரத்துல, யாரோட அதிகம் பேசினான். மே முதல் வாரம் ரெண்டு நிமிஷம், கடைசி வாரம் ரெண்டு நிமிஷம், விளையாடும்போது அவனுக்குத் தெரியாம ஆடியோ பதிவு பண்ணி வையுங்க. அந்த ரெண்டு பதிவு இருந்தா, அடுத்து எங்க இருந்து தொடங்கணும்னு அவங்க முதல் நாளே முடிவு பண்ணிடலாம்.